உடனடிப் படம் தந்த எட்வின் லாண்ட்

கருவிகளுள் சில, தாம் தோன்றிய காலத்திற்குப் பயன்பட்டு, அக்காலம் கழிந்ததும் தாமும் கழிந்தொழிவன. வேறு சில, இறந்துபட்டன என்று உலகம் கைவிட்ட பின்னரும் புதிய உருக்கொண்டு மீண்டும் மக்கள் கையில் வந்து சேர்வன. எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே தாளில் தரும் உடனடிப் புகைப்படக் கருவி, இவற்றுள் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

சென்ற ஆண்டு எம் விடுதியில் இறுதியாண்டு மாணவர்க்குப் பிரிவுபசாரம் நிகழ்ந்த மாலையில், அன்பர் ஒருவர் அக்கருவியின் இக்கால வகை ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பின்புறத்தே சிறிய திரையொன்று உண்டு. எடுக்கும் படமெல்லாம் முதலில் அத்திரையில் தோன்றும். அவற்றுள் நாம் விரும்பித் தேர்ந்ததை மட்டும் அது தாளில் அச்சிட்டு வெளியே தள்ளும். அன்பர் அன்று எடுத்த படங்கள் எழுபதுக்கு மேற்பட்டன. பெட்டியில் இருந்த தாள்களோ பத்தே. எந்தப் பத்தினை அச்சிடுவது என்பது பற்றி அன்றிரவு எங்களிடையே எழுந்த வழக்கு, தேர்வறையில் நாங்கள் எழுதிய எந்த வினாவினும் கடியதாயிற்று. அவ்வழக்கு எவ்வாறு முடிந்தது என்பதை இக்கட்டுரையின் இறுதியிற் கூறுவோம். அக்கருவியின் மூலத்தைத் தேடப் புகுந்தபோது யாம் கண்ட ஒருவரது வரலாற்றை முதற்கண் அன்பர்முன் வைக்க விழைகின்றோம். அவரே எட்வின் ஹெர்பெர்ட் லாண்ட் என்னும் அமெரிக்க அறிஞர்.

லாண்ட் 1909ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள், ஐக்கிய அமெரிக்க நாட்டில் கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரிற் பிறந்தார். அவர் முன்னோர் உருசிய நாட்டினின்றும் குடிபெயர்ந்து வந்த யூதர். தந்தையார் பழைய இரும்பு முதலிய உலோகங்களை வாங்கி விற்கும் வணிகர். இளமையிலேயே ஒளியின் இயல்பு பற்றிய வேட்கை அவர் உள்ளத்திற் புகுந்தது. ராபர்ட் வுட் என்பார் ஒளியியல் பற்றி எழுதிய நூலை, ஏனைச் சிறுவர் கதைநூல்களைப் பயிலும் ஆர்வத்தோடு அவர் பயின்றார்.

1926ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் சேர்ந்தவர், முதலாண்டு முடியுமுன்பே அதனை விட்டு நீங்கி நியூயார்க் நகரம் சேர்ந்தார். கல்வியில் வெறுப்புற்று நீங்கினார் என்று எவரும் எண்ணற்க. ஒரே ஒரு வினாவிற்கு விடை காண வேண்டும் என்னும் தணியாத ஆவலே அவரை அங்கே ஈர்த்தது. பகலெல்லாம் அந்நகரத்துப் பொதுநூலகத்தில் நூல்களை ஆராய்வார். இரவில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தினுள் ஒருவரும் அறியாவண்ணம் புகுந்து சோதனைகள் செய்வார்.

அவ்வினா யாது? ஒளியலைகள் தாம் செல்லும் வழிக்குக் குறுக்காகப் பல திசைகளிலும் அதிர்வன. அவற்றுள் ஒரு திசையில் அதிர்வனவற்றை மட்டும் செல்லவிட்டு, ஏனையவற்றைத் தடுக்கும் இயல்பு சில பளிங்குகட்கு உண்டு. 1852ஆம் ஆண்டில் ஹெராபத் என்னும் ஆங்கில மருத்துவர், குயினைன் உண்ட நாயின் சிறுநீரில் அயோடின் கலந்தபோது தோன்றிய பசிய துகள்களில் இவ்வியல்பைக் கண்டார். ஆயின் அத்துகள்கள் மிகச் சிறியன, எளிதில் நொறுங்குவன. அவற்றைப் பெரும் பளிங்காக வளர்த்தெடுக்க முயன்றோர் பலரும் தோற்றனர். இளைஞர் லாண்ட் அவ்வழியை விட்டு வேறு வழியிற் சென்றார். பெரிய பளிங்கு ஒன்று வேண்டா. கண்ணுக்குப் புலனாகாச் சிறு பளிங்குகள் பல கோடியை ஒரே திசையில் அணிவகுத்து நிறுத்தி ஒரு மெல்லிய தகட்டிற் பதித்துவிட்டால் போதும் என்று அவர் துணிந்தார். காந்தத்தின் ஆற்றலால் அத்துகள்களை ஒழுங்குறச் செய்து வெற்றியும் கண்டார். அதற்கான உரிமையை வேண்டி அவர் விண்ணப்பித்தது 1929ஆம் ஆண்டில். அப்போது அவர்க்கு அகவை இருபதும் நிறையவில்லை. எம்மினும் ஓராண்டே மூத்த ஒருவர் இதனைச் செய்தார் என்பதை எண்ணுந்தோறும் எமக்கு நாணமும் ஊக்கமும் ஒருங்கே எழுகின்றன.

அவ்வாண்டே அவர் ஹெலன் மெய்ஸ்லன் என்னும் நங்கையை மணந்து, மீண்டும் ஹார்வர்டு சேர்ந்தார். ஆயினும் பட்டம் பெறாமலே 1932ஆம் ஆண்டில் வெளியேறினார். அங்கே இயற்பியல் கற்பித்த வீல்ரைட் என்பாரும் அவரும் கூடி ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினர். அதுவே 1937ஆம் ஆண்டில் போலராய்டு என்னும் பெயருடைய நிறுவனமாக மலர்ந்தது. பட்டம் பெறாத அவர்க்கு அதே ஹார்வர்டு 1957ஆம் ஆண்டில் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிற்று.

தம் தகட்டின் சிறப்பை வணிகர்க்குக் காட்ட அவர் கையாண்ட முறை சுவையுடையது. விடுதியறை ஒன்றில், கதிரவன் ஒளி வீசும் சாளரத்தின் அருகே, பொன்மீன்கள் நீந்தும் கண்ணாடிக் கலத்தை வைத்தார். வந்தவர்க்கு நீர்ப்பரப்பின் கூசொளியே தெரிந்தது, மீன்கள் தெரியவில்லை. பின்னர் அவர்தம் கையில் தகட்டை அளித்தார். கூசொளி நீங்கிற்று, மீன்கள் விளங்கித் தோன்றின. அதன்பின் வெயிற்கண்ணாடிகள் பெருகின. ஆயினும் லாண்ட் முதன்முதலிற் கருதிய பயன் அஃதன்று. இரவில் எதிர்வரும் மோட்டார் வண்டிகளின் விளக்கொளி ஓட்டுநர் கண்ணைக் கூசச் செய்து உயிர்க்கேடு விளைப்பதைத் தம் தகட்டால் தடுக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். விளக்கிலும் முன்கண்ணாடியிலும் தகடு பொருத்தினாலன்றி அது பயன்தராது. எல்லா வண்டிகளும் ஒருசேரப் பொருத்தினாலன்றி நிறைபயன் இல்லை. மோட்டார் உற்பத்தியாளர் அதனை ஏற்கவில்லை. இவ்வாறு அவருடைய முதற்கனவு நிறைவேறாமலே போயிற்று.

நிற்க, இனி அவர் பெயரை உலகெங்கும் பரப்பிய செய்திக்கு வருவோம். 1943ஆம் ஆண்டின் இறுதியில், உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தே, லாண்ட் குடும்பத்தோடு நியூ மெக்சிகோ மாநிலத்துச் சான்டா ஃபே நகரில் சில நாள் ஓய்வாகத் தங்கியிருந்தார். மூன்று வயதுச் சிறுமியாகிய தம் மகள் ஜெனிபரைப் படம் எடுத்தார். எடுத்த படத்தை அப்போதே காண முடியாமை ஏன் என்று அக்குழந்தை வினவிற்று. பெரியோர் எவர்க்கும் தோன்றாத வினா அது. தாமதம் இயல்பே என்று நாமெல்லாம் பழகிவிட்டோம் அன்றோ? லாண்ட் அவ்வினாவை நகைத்துத் தள்ளாமல் தனியே உலாவப் புறப்பட்டார். ஒரு மணி நேரத்திற்குள், கருவியும் தாளும் மருந்தும் இன்னவாறு அமைதல் வேண்டும் என்னும் முழுத் திட்டம் அவர் உள்ளத்தில் உருவாயிற்று. ஆயின் ஒரு மணியில் எண்ணியதைச் செய்து முடிக்க அவர்க்கு ஆண்டுகள் பல வேண்டியிருந்தன.

அம்முறையைச் சிறிது விளக்குதல் தகும். புகைப்படத்தில் ஒளியை உணர்வது வெள்ளியின் உப்பு. முன்னாளில் படத்தை இருட்டறையில் மருந்துநீரில் நனைத்து, கழுவி, உலர்த்தி, எதிர்ப்படத்தினின்றும் நேர்ப்படம் எடுத்தல் வேண்டும். லாண்ட் இவ்விருட்டறையையே ஒரு தாளின் தடிப்பிற்குள் அடக்கினார். ஒளியுணரும் தாள் ஒன்று. படம் ஏற்கும் தாள் மற்றொன்று. இரண்டின் இடையே மருந்துக்குழம்பு நிறைந்த சிறு பை. படம் எடுத்தபின் தாள்களை இழுத்தால், அவை இரண்டு உருளைகளின் இடையே நெருக்குண்டு வரும். பை உடையும், குழம்பு மெல்லிய படலமாகப் பரவும். ஒளிபட்ட உப்பு தான் இருந்த இடத்திலேயே வெள்ளியாகும். ஒளிபடாத உப்பு கரைந்து, எதிர்த்தாளிற் சென்று படிந்து, அங்கே படமாகும். ஒரு நிமிடம் கழித்துத் தாள்களைப் பிரித்தால் படம் காணலாம்.

1947ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 21ஆம் நாள், நியூயார்க் நகரில் ஒளியியல் அறிஞர் கூடிய அவையில் லாண்ட் தம் முகத்தையே படம் எடுத்துக் காட்டினார். 1948ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், பாஸ்டன் நகரக் கடையொன்றில் அக்கருவி விற்பனைக்கு வந்தது. விலை 89 டாலர் 75 சென்ட். அங்கே வைத்திருந்தவை அறுபதிற்கும் குறைவு. அந்நாளிலேயே அனைத்தும் விற்றுப்போயின.

ஆயினும் இடர்கள் விடவில்லை. முதற்படங்கள் செம்பழுப்பு நிறமுடையன. 1950ஆம் ஆண்டில் கருப்பு வெள்ளைப் படங்கள் வந்தன. வந்த சில மாதங்களில் அவை மங்கத் தொடங்கின. மகிழ்ந்து எடுத்த படம் கண்முன்னே மறைவது கண்ட மக்களின் மனநிலை எத்தகையதாய் இருந்திருக்கும்! படம் எடுத்தவுடன் அதன்மீது காப்புநீர் ஒன்றைத் தடவும் முறையால் அவ்விடரை நீக்கினர். கருப்பு வெள்ளைப் படத்திற்கான ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் மெரோவி மோர்ஸ் என்னும் அம்மையார். கல்லூரியில் அவர் பயின்றது கலை வரலாறு, வேதியியல் அன்று. கண்ணும் கருத்தும் உடையார்க்கு அறிவியலைக் கற்பிக்கலாம் என்று நம்பி லாண்ட் அவர்க்கு அப்பொறுப்பை அளித்தார். இலக்கியம் பயிலும் எம்போல்வார்க்கு இச்செய்தி பெரியதோர் ஆறுதல்.

வண்ணப்படம் 1963ஆம் ஆண்டில் வந்தது. 1972ஆம் ஆண்டில் எஸ்எக்ஸ்-70 என்னும் கருவி வெளிப்பட்டது. மடித்துச் சட்டைப்பையில் வைக்கத்தக்க அக்கருவியிற் பொத்தானை அழுத்தினால் படம் தானே வெளிவரும். பிரிக்க வேண்டா, தடவ வேண்டா, எறியத்தக்க குப்பையும் இல்லை. பட்டப்பகலில், பார்ப்பவர் கண்ணெதிரே, வெறுந்தாளில் உருவம் மெல்ல மெல்ல எழும். பெரிய வெண்ணிற விளிம்பின் கீழ்ப்பகுதியில் மருந்துப் பை மறைந்திருக்கும். அவ்வெண்விளிம்பை இன்றும் நாம் படங்களில் அழகுக்காக இட்டு மகிழ்கின்றோம். அது தோன்றிய காரணத்தை அறிந்தோர் சிலரே.

இத்துணைப் புகழ் கூறிய யாம் குறையையும் மறைத்தல் நேர்மையாகாது. உடனே படம் தரும் ஆற்றல் மகிழ்ச்சிக்கு மட்டும் பயன்படவில்லை. தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் ஆட்சி, கறுப்பின மக்கள் எங்குச் செல்லினும் அடையாள ஏட்டைச் சுமக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியிருந்தது. அவ்வேட்டிற்கான படங்களை விரைந்து எடுக்கப் போலராய்டு கருவிகள் பயன்பட்டன. 1970ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் ஊழியர்களாகிய கரோலின் ஹன்டர் என்னும் வேதியியலாரும் கென் வில்லியம்ஸ் என்னும் புகைப்படக்காரரும் இதனைக் கண்டறிந்து கிளர்ந்தெழுந்தனர். அவ்விருவரும் வேலை இழந்தனர். நிறுவனமோ அரசுக்கு நேரே விற்பதை நிறுத்தியதேயன்றி அந்நாட்டை விட்டு அப்போது நீங்கவில்லை. தடையை மீறி அங்கிருந்த முகவர் அரசுக்கு மறைவாக விற்றமை வெளிப்பட்ட பின்னரே, 1977ஆம் ஆண்டில் முற்றும் விலகிற்று. இன வேறுபாடு கருதாது பணி வழங்கியவர் எனப் பெயர்பெற்ற லாண்டின் வாழ்வில் இஃதோர் இருண்ட பக்கம் என்றே யாம் கருதுகின்றோம். கருவியைச் செய்தவர் அதன் பயனுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவர் என்பதை, பதவி உயர்ந்தோர் அன்றி, வேலை இழந்த இருவரே உலகிற்குக் கற்பித்தனர்.

பிறிதொரு வீழ்ச்சியும் உண்டு. 1977ஆம் ஆண்டில் உடனடியாகத் திரைப்படம் காட்டும் போலாவிஷன் என்னும் கருவியை லாண்ட் வெளியிட்டார். அதில் ஒலியில்லை, படம் மூன்று நிமிடம்கூட ஓடாது. காந்த நாடாவிற் படம்பதியும் வீடியோ முறை அக்காலத்தே பரவத் தொடங்கிவிட்டது. மக்கள் போலாவிஷனை வாங்கவில்லை. நிறுவனம் பெருநட்டம் எய்தியது. தாம் படைத்ததன் நுட்பத்தில் தாமே மயங்கிய அறிஞர், காலம் மாறுவதைக் காணத் தவறினார். 1980ஆம் ஆண்டில் தலைமைப் பொறுப்பினின்றும் விலகினார். 1982ஆம் ஆண்டில் நிறுவனத்தோடு தமக்கிருந்த தொடர்பையே விட்டார். ஆயினும் ஆய்வை விட்டாரில்லை. கேம்பிரிட்ஜ் நகரில் ரோலண்ட் ஆய்வு நிலையத்தை நிறுவி, மனிதர் கண் நிறத்தை உணரும் வகை பற்றித் தாம் முன்னரே தொடங்கியிருந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமைகள் 535. 1991ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் நாள், எண்பத்தோராம் அகவையில் அவர் மறைந்தார். உலகத்தார் வாழ்வையெல்லாம் படமாக்கித் தந்தவர் தம் வாழ்வை மறைத்தே வைத்தார்; அவருடைய தனிப்பட்ட ஏடுகள் மறைவுக்குப்பின் அழிக்கப்பட்டன.

அவர்க்குப்பின் நிகழ்ந்தது நாம் அறிந்ததே. எண்ணியல் ஒளிப்படம் பெருகிற்று. போலராய்டு நிறுவனம் 2001ஆம் ஆண்டில் நொடித்தது. 2008ஆம் ஆண்டில் படத்தாள் செய்வதை நிறுத்துவதாக அப்பெயர் தாங்கியோர் அறிவித்தனர். அப்போது நெதர்லாந்து நாட்டு என்ஸ்கெடே நகரில் மூடப்பட்ட ஆலையைச் சிலர் ஏற்று, 2010ஆம் ஆண்டில் மீண்டும் தாள் செய்தனர். ஜப்பான் நாட்டு ஃபூஜிஃபிலிம் நிறுவனமோ 1998ஆம் ஆண்டு முதலே இன்ஸ்டாக்ஸ் என்னும் பெயரால் உடனடிப் படக் கருவிகளை விற்று வந்தது. அந்நிறுவனமே 2017ஆம் ஆண்டில் எஸ்கியூ10 என்பதையும், 2021ஆம் ஆண்டில் மினி ஈவோ என்பதையும் வெளியிட்டது. எம் விடுதிக்கு வந்தது இவ்வகையே. இதில் படம் முதலில் எண்களாகப் பதிகின்றது. அச்சிட விரும்பும்போது, கருவி உள்ளிருந்தே தாளின்மீது ஒளியைப் பாய்ச்சுகின்றது. அதன்பின் உருளைகள் நெருக்குதலும், பை உடைதலும், மருந்து பரவுதலும் லாண்ட் அன்று கண்ட நெறியே.

இக்கலப்புக் கருவியைக் குறைகூறுவாரும் உளர். உடனடிப் படத்தின் உயிர், திருத்தமுடியாமையில் உள்ளது. முன்னரே பார்த்துத் தேர்ந்து அச்சிடுவது அவ்வுயிரைக் கெடுக்கும் என்பது அவர் வாதம். இதனைச் சிறிது ஆராய்வோம். ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதினோர், ஆணி ஓலையைத் தொடுமுன்பே கருத்தை முடிவு செய்தல் வேண்டும். லாண்டின் கருவியும் அத்தகையதே. பொத்தானை அழுத்துமுன் தேர்தல் வேண்டும். கலப்புக் கருவியில், எழுதி அழித்துத் திருத்தியபின் ஓலையிற் பொறிக்கலாம். ஆயினும் லாண்ட் உடனே படம் காண விரும்பியது எதற்காக? எடுத்தவர் தம் பிழையைக் கண்டு, எதிரே இருப்பவர் அகலுமுன், மீண்டும் நன்றாக எடுக்க வேண்டும் என்பதற்காகவே. அந்நோக்கத்தைத் திரை தாளினும் விரைவாகவும், பொருட்செலவின்றியும் நிறைவேற்றுகின்றது. ஆகவே கலப்புக் கருவி அவர் நெறிக்கு மாறுபட்டதன்று என்பதே எம் துணிபு.

இழப்பு ஒன்று உண்டு, அதனையும் ஒப்புக்கொள்வோம். முன்னாளில் கண்மூடிய படமும், சாய்ந்த படமும் தாளில் நின்றுவிடும். அவையும் பின்னாளில் அருமை பெறும். இன்று அவற்றை நாம் அழித்துவிடுகின்றோம். ஆயினும் கைப்பேசியில் ஆயிரம் படங்களை அடைத்து ஒன்றையும் மீண்டும் பாராத நமக்கு, பத்துத் தாள்களே உள்ளன என்னும் வறுமை ஒரு வகையிற் செல்வமே. இவற்றுள் எது எனக்கு வேண்டியது, எதனை யார்க்குக் கொடுப்பேன் என்னும் வினாவை அவ்வறுமையன்றோ எழுப்புகின்றது?

இனி எம் விடுதி வழக்கு. ஒன்பது தாள்களும் பலவாறு பங்கிடப்பட்டன. பத்தாவது தாளுக்குப் பலர் உரிமை கொண்டாடினர். அந்நிலையில் அன்பர் திரையில் இருந்த படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே வந்தார். எழுபது படங்களுள் ஒன்றில் மட்டும், ஓர் ஓரத்தில், பரிமாறும் கரண்டியோடு நம் விடுதிச் சமையற்காரர் நின்றிருந்தார். எவரும் அவரை எடுக்கக் கருதியதில்லை. தற்செயலாக விழுந்த உருவம் அது. வழக்கு அத்துடன் ஓய்ந்தது. அவரை அழைத்துவந்து, விளக்கொளியில் நிறுத்தி, புதிதாகப் படம் எடுத்து, பத்தாம் தாளை அவர்க்கென அச்சிட்டோம். வெறுந்தாளில் தம் முகம் மெல்ல எழுவதை அவர் இமையாது நோக்கினார். பின்னர் அதனைத் துண்டின் முனையில் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். துடைக்கத்தக்க ஈரம் அதில் இல்லை, ஆயினும் துடைத்தார்.

சான்டா ஃபே நகரில் ஒரு குழந்தை வினவிய வினா, எண்பதாண்டு கழித்து எம் விடுதிச் சமையலறை வாயில்வரை வந்து விடைபெற்றதை அன்றிரவு யாம் கண்டோம். சிறுவர் வினாவைச் செவிமடுத்தலும், தம் கருவி யார் கையில் எவ்வாறு பயன்படுகின்றது என்று நோக்குதலும் அறிவியலார்க்கு மட்டும் உரியன அல்ல. கற்பார் யாவர்க்கும் உரியன. முன்னதில் லாண்ட் வென்றார்; பின்னதிற் சிலகால் தவறினார். இரண்டையும் நினைவிற் கொண்டு வாழ்வோமாக.